சேலத்து மதியம்: பிள்ளைகளோடு ஊர் சுற்றும்போது அறைக்குத் திரும்புவதா, வேண்டாமா?

சேலத்தில் நான்கு நாள். ஒரு நாள் ஏற்காடு, ஒரு நாள் நீர் விளையாட்டுப் பூங்கா, மீதி கோயிலும் உறவினர் வீடும். வெளிநாட்டிலிருந்து வரும் பெரும்பாலான குடும்பங்களின் திட்டம் இப்படித்தான் இருக்கிறது. காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பலாம் என்று தாளில் எழுதும்போது எதுவும் கஷ்டமாகத் தெரிவதில்லை. இரண்டாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்கு, ஒரு பிள்ளை அழுதுகொண்டு, இன்னொன்று சோற்றைத் தொடாமல், கூட வந்த பாட்டி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதுதான் தெரியும்.

மதிய ஓய்வு வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். அதற்காக அறைக்குத் திரும்ப வேண்டுமா என்பது வேறு கேள்வி. படுக்கை அரை மணி நேரத் தொலைவில் இருந்தால் திரும்புங்கள். அதற்கு மேல் என்றால் திரும்பாதீர்கள், இருக்கும் இடத்திலேயே ஓய்வுக்கு வழி செய்யுங்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வண்டியில் கழியும் நேரம் பிள்ளைகளுக்கு ஓய்வே அல்ல.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6 முதல் 7 டிகிரி குறையும் என்ற கணக்கில், கீழே 36 டிகிரி அடிக்கும் மதியத்தில் மேலே 28 அல்லது 29தான் இருக்கும். அதனால் கீழே இருக்கும் நாளையும் மலையில் இருக்கும் நாளையும் ஒரே மாதிரித் திட்டமிடக் கூடாது. சேலத்தில் மதியம் வெளியே நிற்கவே முடியாத நேரம். ஏற்காட்டில் அதே மதியம் தாராளமாக நடக்கலாம்.

முதல் மூன்று நாள்: வெயிலைவிடக் கடிகாரம் முக்கியம்

வந்த புதிதில் பிள்ளைகள் சோர்ந்து விழுவதற்கு வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோடை விடுமுறையில் டொரோன்டோவிலிருந்து வரும் பிள்ளைக்கு, சேலத்தில் மதியம் 12 மணி என்றால் உடம்புக்கு அதிகாலை 2.30. நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கோயில் வரிசையில் நிறுத்தியது போலத்தான். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று நாள் மதியத் தூக்கம் தேவை. ஆனால் அளந்து கொடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்து எழுப்பிவிடுங்கள். "பாவம், தூங்கட்டும்" என்று 5 மணி வரை விட்டால் இரவு 1 மணிக்கு விளையாட உட்காரும், அடுத்த நாளும் அப்படியே கெடும். எழுப்பியதும் திரையை விலக்கி வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், முகம் கழுவிப் பால் கொடுங்கள். கால் மணி நேரம் சிணுங்கும், பிறகு சரியாகிவிடும்.

லண்டனிலிருந்து வரும் பிள்ளைக்குக் கதை வேறு. கோடையில் நம் மதியம் 12 மணி அதற்குக் காலை 7.30. மதியம் படு என்றால் படுக்காது. காலை 6 மணிக்கு எழுப்பினால்தான் அழும், ஏனென்றால் உடம்புக்கு அது இரவு 1.30. இந்தக் குடும்பங்கள் முதல் இரண்டு நாள் காலைப் பயணத்தை விட்டுவிட்டு, மதியம் அறையில் இருந்து, மாலை 4 மணிக்கு மேல் சுற்றுவது நல்லது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவோருக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம்தான். பிள்ளைகள் விடியற்காலை ஐந்துக்கே எழுந்துவிடும். அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள்: 6 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் முடித்துவிடலாம். டிசம்பரில் சிட்னி, மெல்போர்னிலிருந்து வருவோருக்கு நம் மதியம் 2.30 என்பது இரவு 8 மணி. மதியம் ஒரு மணி நேரம் படுக்க வைக்காவிட்டால் மாலை உறவினர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடும்.

கீழே, நகருக்குள்

சேலம் நகருக்குள் சுற்றும் நாளில் 11.30 முதல் 4 மணி வரை வெளி வேலை வைக்காதீர்கள். கோட்டை மாரியம்மன், சுகவனேசுவரர் கோயில்களிலும் மதியம் நடை சாத்திவிடுவார்கள், போனாலும் மாலை வரை காத்திருக்க வேண்டும். ஏற்காடு மலையடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குக் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் மான்கூட நிழலில் போய்ப் படுத்துவிடும், பிள்ளைகள் வெறும் கம்பி வேலியைத்தான் பார்த்துவிட்டு வரும்.

அறை எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, காலி செய்யும் நேரம் மதியம் 12 மணியா, 24 மணி நேரக் கணக்கா? சேலத்தில் 24 மணி நேரக் கணக்கில் விடும் விடுதிகள் நிறைய உண்டு. மாலை 4 மணிக்கு அறை எடுத்தால் கடைசி நாள் மாலை 4 வரை உங்களுடையது, மதிய ஓய்வு பறிபோகாது. இரண்டாவது, கரண்ட் போனால் ஏசி ஓடுமா? மின்வாரியம் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகப் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தும். பெரும்பாலும் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 வரையோ மாலை 5 வரையோ வராது. நீங்கள் ஓய்வுக்கு நம்பியிருக்கும் அதே நேரம். எந்தப் பகுதியில் என்று முந்தைய நாள் நாளிதழில் போடுவார்கள். உறவினர் வீட்டில் தங்கினால் இன்வர்ட்டரில் மின்விசிறி மட்டும்தான் ஓடும், ஏசி ஓடாது. அன்றைக்கு ஏற்காடு போவதாகத் திட்டத்தை மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வெயிலிலிருந்து வந்தவுடன் ஏசியை 18இல் வைக்க வேண்டாம். 26இல் வைத்து மின்விசிறியையும் போடுங்கள். வியர்வைச் சட்டையைக் கழற்றி, உடம்பைத் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள். ஈரத்தோடு குளிரில் படுத்தால் மாலையில் தலைவலி என்று எழும்.

ஓய்வை உண்மையில் உடைப்பது வெயில் அல்ல, விருந்து. அத்தை வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல், ரசம், தயிர், மேலே மல்கோவா மாம்பழம் என்று 3 மணி ஆகும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளை மடியில் நெளியும். "மதியம் இவன் தூங்குற நேரங்க அத்தை, சாயந்தரம் காபிக்கு வந்து ராச்சாப்பாடு சாப்பிட்டுட்டே போறோம்" என்று முன்னாடியே போனில் சொல்லிவிடுங்கள். வர மாட்டோம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படும். நேரத்தை மாற்றிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பேரன் பேத்தியும் முழித்துக்கொண்டு சிரித்த முகமாக வரும்.

ஏற்காடு: இறங்கி வர வேண்டாம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம். மதியத் தூக்கத்துக்காகக் கீழே இறங்கி மீண்டும் ஏறினால் 40 வளைவு கூடுதல். யாருக்கும் வேண்டாத வேலை. காலை 6.30க்குக் கிளம்புங்கள். அரைவயிறாக இரண்டு இட்லி போதும். நெய் மிதக்கும் பொங்கலும் பாலும் குடித்துவிட்டு வண்டி ஏறினால் எட்டாவது வளைவுக்குள் வாந்தி வரும். வாந்தி வரும் பிள்ளைக்குப் போனைக் கொடுக்காதீர்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித் தொலைவைப் பார்க்கச் சொல்லுங்கள். பயண வாந்தி மாத்திரை ஏறிய பிறகு கொடுத்தால் பலிக்காது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுக்க வேண்டும், அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும். காலை 6க்குக் கொடுத்தால் 8 மணிக்கே கண் சொருகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மேலே காலை 10.30க்குள் படகு சவாரியை முடித்துவிடுங்கள். விடுமுறை நாளில் நேரம் ஆக ஆக வரிசை நீளும், ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசும். பிறகு சீமாட்டி இருக்கை (லேடீஸ் சீட்), பகோடா முனை (பகோடா பாயிண்ட்) என்ற காட்சி முனைகள். 12 மணிக்குச் சாப்பாடு. 12.45 முதல் 2 மணி வரை ஏரிக்கரையை ஒட்டிய அண்ணா பூங்காவிலோ, மரநிழல் உள்ள வேறு இடத்திலோ ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். இரண்டு பேர் படுக்கும் ஜமுக்காளம் வண்டியில் எப்போதும் இருக்கட்டும், புல்லில் நேராகப் படுத்தால் எறும்பு கடிக்கும். சாப்பாட்டுப் பையைத் தலைமாட்டில் வைக்காதீர்கள், குரங்குக்கு அது அழைப்பு. சின்னக் குழந்தையும் வயதானவர்களும் இருந்தால், ஒரு இரவு மேலேயே தங்குவதுதான் எங்கள் பரிந்துரை. அறை பத்து நிமிடத்தில் இருந்தால் மதிய ஓய்வு பிரச்சினையே இல்லை.

குளிராக இருக்கிறதே என்று தொப்பியை விட்டுவிடுகிறார்கள், அது தவறு. உயரம் ஏற ஏற வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும், காற்று சில்லென்று இருப்பதால் தோல் எரிவது தெரியாது. இரவு குளிக்கும்போதுதான் பிள்ளை கத்தும். கிளியூர் அருவிக்கு இறங்குவது எளிது, திரும்ப ஏறுவதுதான் கஷ்டம். மதியத்துக்கு மேல் சோர்ந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு ஏற வேண்டி வரும். மழை பெய்யாத மாதங்களில் தண்ணீரும் பெரிதாக இருக்காது.

நீர் விளையாட்டுப் பூங்கா நாளில்

இங்கே வெளியே போய்த் திரும்பும் கணக்கு சரிவராது. பல பூங்காக்களில் வெளியே போனால் அதே சீட்டில் திரும்ப விடமாட்டார்கள், வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வு உள்ளேதான். நுழைந்தவுடன் சறுக்குக்கு ஓடாமல், நிழலும் காற்றும் உள்ள ஓர் இடத்தைப் பார்த்துப் பை வைத்துக்கொள்ளுங்கள். அலைக்குளம் எந்தெந்த நேரத்தில் ஓடும் என்று கேட்டு, அதை ஒட்டி ஓய்வை அமைத்துக்கொள்ளுங்கள்.

11.45க்குத் தண்ணீரைவிட்டு வெளியே வாருங்கள். நல்ல தண்ணீரில் உடம்பைக் கழுவி, ஈர நைலான் உடையை மாற்றி, உலர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். பெரும்பாலான பூங்காக்களில் பருத்தி உடையோடு குளத்தில் இறங்க விடுவதில்லை, அதனால் இரண்டு செட் கட்டாயம். 12 மணிக்கே சாப்பிட்டால் உணவகத்தில் நெரிசல் குறைவு. தயிர்ச்சோறு, இட்லி போதும். பிறகு ஒன்றரை மணி வரை படுக்கையோ, கதையோ, சீட்டாட்டமோ. தூங்காவிட்டாலும் பரவாயில்லை, நிழலில் கால் நீட்டி இருந்தாலே போதும். வெயில் தடுப்புக் களிம்பைத் திரும்ப இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன் பூசுங்கள். காலையில் பூசியது தண்ணீரில் போயிருக்கும்.

தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. நான்கு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, போனாலும் அடர் மஞ்சளாக இருக்கிறது, உதடு காய்கிறது என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். பாக்கெட்டின் மேல் எத்தனை மில்லிக்கு என்று பாருங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் பாதியைக் கண்ணளவில் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கக் கூடாது, உப்பு கூடிப்போகும். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கி, வாய் வாயாகக் கொடுத்து, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் இதற்கு மாற்று அல்ல. உடம்பு நெருப்பாகச் சுட்டு, பிள்ளை குழறிப் பேசினால் ஓய்வெடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இவை தவிர வேறு இடங்களுக்குப் போவோரும் உண்டு. ஆத்தூர் சாலையில் ஏத்தாப்பூர் பக்கம், புத்திரகவுண்டன்பாளையத்தில் இருக்கும் முத்துமலை முருகன் சிலை 146 அடி. 2022இல் குடமுழுக்கு நடந்தது. பத்துமலை முருகனைப் பார்த்து வளர்ந்த மலேசியப் பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட ஆசைப்படும். காலையிலோ மாலையிலோ மட்டும் போங்கள். வெயிலில் காய்ந்த தரையில் செருப்பில்லாமல் நான்கு அடி வைத்தாலே பிஞ்சுப் பாதம் கொப்பளிக்கும். தடித்த காலுறை கையில் இருக்கட்டும். மேட்டூர் போனால் அணைப் பூங்காவில் மரநிழல் உண்டு, மீன் வறுவலும் உண்டு. பெரியவர்கள் கண் அயரும்போது பிள்ளைகள் காவிரிப் பக்கம் போகாமல் ஒருவர் முழித்திருக்க வேண்டும்.

எங்கே போனாலும், தூங்கும் பிள்ளையை வண்டியில் விட்டுவிட்டு "அஞ்சு நிமிஷம்" என்று இறங்காதீர்கள். நிழலில் நிறுத்தினாலும், கண்ணாடியை விரல் அளவு இறக்கினாலும் உள்ளே சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஓட்டுநரின் ஓய்வையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து வந்தவர் அவர். ஏற்காட்டில் உங்களுக்கு 12.45 முதல் 2 வரை ஓய்வு என்றால், சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்து, "2.30 வரைக்கும் கூப்பிட மாட்டோம், நல்லாத் தூங்குங்கண்ணா" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நடுவில் தண்ணீர் பாட்டில், தொப்பி என்று போன் போடாதீர்கள், வேண்டியதைக் காலையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் மாலையில் பனிமூட்டம் இறங்கிவிடும், அதனால் 3.30 மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். பிரேக் கருகும் வாசனை வந்தால், அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கால் மணி நேரம் சக்கரம் ஆறட்டும். மே மாதக் கோடை விழா நாட்களில் ஏற ஒரு வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று போக்குவரத்தை மாற்றிவிடுவதுண்டு. அன்றைக்கு இன்னும் அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள்.