பசால்ட்டில் வெள்ளையாகத் தெரிவது ஃபெல்ட்ஸ்பார்தானா? கண்டுபிடிக்கும் வழி

புனே, நாசிக், லோனாவ்லா பக்கம் சாலைக்காக வெட்டிய சரிவுகளில் கருஞ்சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக நிற்பது பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகள் வழியே வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது, இன்றும் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. அந்தக் கறுப்பில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் போதும், புதிதாகக் கல் பார்ப்பவர்கள் உடனே ஃபெல்ட்ஸ்பார் (பாறைகளில் மிகப் பரவலாக உள்ள கனிம வகை) என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது ஃபெல்ட்ஸ்பாரே இல்லை.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பழைய பேனாக்கத்தி, கொஞ்சம் வினிகர், தண்ணீர்.

முதல் வேலை, கல்லின் புது முகத்தைப் பார்ப்பது. வெயிலும் மழையும் பட்ட ஃபெல்ட்ஸ்பார் மெல்லக் களிமண்ணாக மாறிப் பொடிந்துபோகும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சரிவின் அடியில் உடைந்து கிடக்கும் துண்டே போதும். கழுவிவிட்டு, காய்ந்ததும் பாருங்கள்.

அடுத்தது வடிவம், இதில் அவசரப்பட வேண்டாம். குழம்பு உறையும்போது அதிலிருந்த வாயு குமிழிகளாக அப்படியே நின்றுவிடும், பிறகு அந்த ஓட்டைகளில் நிலத்தடி நீர் வழியாக ஜியோலைட், கால்சைட், கால்செடனி போன்ற வேறு கனிமங்கள் வந்து நிரம்பும். வெள்ளைத் திட்டு உருண்டையாகவோ முட்டை வடிவிலோ இருந்தால் பெரும்பாலும் இந்த ஓட்டை நிரப்பிகள்தான். ஃபெல்ட்ஸ்பார் குழம்புக்குள்ளேயே வளர்ந்த படிகம் என்பதால் நேரான விளிம்பும் கூர்மையான மூலையுமாக, நீளமான சிறு பட்டை போல இருக்கும். பெரும்பாலான பசால்ட்டில் இந்தப் பட்டைகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னவை. ஆனால் புனே–நாசிக் சாலையில் உள்ள மஞ்சர் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் அடுக்கு போன்ற சிலவற்றில் அவை சில சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்திருக்கின்றன, பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்புறம் கல்லை வெயிலில் மெதுவாகத் திருப்புங்கள். ஃபெல்ட்ஸ்பார் தட்டையான தளங்களில் பிளப்பதால், ஒரு கோணம் வந்ததும் படிகத்தின் முகம் முழுவதும் சட்டென்று மின்னும். அந்தத் தளங்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 90 பாகையில் இருக்கும். மின்னும் முகத்தை லென்ஸில் பாருங்கள்: ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் அது பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் வகை. கோடு தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், வேறு முகத்தையும் பாருங்கள்.

இன்னும் சந்தேகமா? கத்தி இருக்கிறதே. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் 6, சாதாரணக் கத்தியால் அதைக் கீற முடியாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக அதன் மேல் ஒட்டும். ஜியோலைட்டும் கால்சைட்டும் கீறல் வாங்கும். கீறிய பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் கால்சைட் மெல்ல நுரைக்கும். கால்செடனியைக் கத்தி ஒன்றும் செய்யாது, ஆனால் அதற்குப் பிளவுத் தளமும் கிடையாது. (அஜந்தா, எல்லோரா குகைகளும் இதே பசால்ட்டில் குடைந்தவைதான். அங்கே கத்தியை வெளியே எடுக்கக்கூட வேண்டாம்.)

எல்லா எரிமலைப் பாறையிலும் பிளேஜியோகிளேஸே இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிலிக்காவும் பொட்டாசியமும் கூடிய ரயோலைட், டிராகைட் பாறைகளில் சானிடின் என்ற வேறு ஃபெல்ட்ஸ்பார் வரும்: கண்ணாடி போலத் தெளிவாக, அந்த இணைகோடுகள் இல்லாமல். ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே உள்ள டிராகன்ஃபெல்ஸ் குன்றின் டிராகைட்டில் விரல் நீளச் சானிடின் உண்டு, கொலோன் பேராலயத்துக்கு அங்கிருந்துதான் கல் வெட்டினார்கள். அண்டார்டிகாவின் எரிபஸ் எரிமலையில் அனார்த்தோகிளேஸ் என்ற இன்னொரு ஃபெல்ட்ஸ்பாரின் படிகங்கள் சரிவில் உதிர்ந்தே கிடக்கின்றன.

கடைசியாக, குறிப்பேட்டில் 'பிளேஜியோகிளேஸ்' என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். பசால்ட்டில் அது பெரும்பாலும் கால்சியம் மிகுந்த லாப்ரடோரைட் என்பது உண்மைதான், ஆனால் கையில் உள்ள துண்டு எந்த வகை என்று சொல்ல அதை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அது லென்ஸ் செய்யும் வேலை இல்லை.