ராமேஸ்வரத்தில் தெரிந்த முகம் எதிரே வந்தால்

ராமேஸ்வரம் தீவுக்குப் பேர் பெற்றவர்கள் வருவது இன்று நேற்று நடப்பதல்ல. 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஊராரோடு சேதுபதி மன்னரும் சேர்ந்து அவர் வண்டியை இழுத்தார். 1964 டிசம்பர் புயலின்போது ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில்தான் இருந்தார்கள். 2024 ஜனவரியில் பிரதமர் மோடி அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் தீர்த்தமாடி, மறுநாள் தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்கும் போய் வந்தார்.

பிரதமர் வந்தால் கடையை மூடச் சொல்வார்கள், தடுப்புக் கட்டுவார்கள்; நீங்கள் பக்கத்தில் போகவே முடியாது. எதிரே வரும் பிரபலத்திடம் எப்படி நடந்துகொள்வது என்ற இந்தக் குறிப்புகள் வேறு ஆட்களை மனதில் வைத்தவை. டிரைவரையும் வீட்டார் இரண்டு பேரையும் மட்டும் கூட்டிக்கொண்டு விடியற்காலை நாலரை மணிக்குக் கிழக்குக் கோபுரத் தெருவில் நடந்து வரும் நடிகர், பாடகி, கிரிக்கெட் ஆட்டக்காரர், பழைய அமைச்சர் ஆகியோரைப் பற்றியவை.

எங்கே, எப்போது

பெரும்பாலானோர் மதுரைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து காரில் வருவார்கள். சுமார் 170 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் பிடிக்கும். விடியற்காலை ஐந்து மணியை ஒட்டி நடக்கும் ஸ்படிக லிங்க தரிசனத்துக்காகத்தான் இந்த ஓட்டம். அதனால் ஒன்று முதல் நாள் ராத்திரியே வந்து லாட்ஜில் தங்கியிருப்பார்கள், இல்லையென்றால் நள்ளிரவு தாண்டி மதுரையில் கிளம்பியிருப்பார்கள். நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை கோயிலைச் சுற்றியும், எட்டரைக்கு மேல் தனுஷ்கோடிச் சாலையிலும், அதன்பின் பேய்க்கரும்பில் உள்ள கலாம் நினைவிடத்திலும் பார்க்க வாய்ப்பு அதிகம். கலாம் மறைந்த ஜூலை 27, பிறந்த அக்டோபர் 15 ஆகிய இரண்டு நாளும் நினைவிடத்துக்கு வருகிறவர்கள் கூடுதல்.

ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் கூட்டத்துக்குப் பயந்தே சாதாரண வார நாளாகப் பார்த்து வருகிறார்கள். தீவுக்கு வெளியே தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை, உத்தரகோசமங்கை, ஏர்வாடி தர்கா ஆகிய இடங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். விசேஷ நாள் தவிர்த்து, காலை வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர்தானா என்று உறுதி செய்வது

அரையிருட்டில், மேக்கப் இல்லாமல், ஈரத் தலையோடு நிற்கும் ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது நினைக்கிற அளவு எளிதல்ல. சீரியல் நடிகைகள் விஷயத்தில் இது இன்னும் சிரமம். தூரத்திலிருந்து பேரைச் சொல்லிக் கத்துவதும், பாத்திரத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதும் வேண்டாம். அவராக இருந்தால் அரை நிமிடத்தில் தெருவே திரும்பும். அவராக இல்லாவிட்டால் உங்களுக்கு வெட்கக்கேடு.

டிரைவரைக் கேளுங்கள். கார் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். "அண்ணே, சார் வந்திருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டால் போதும். "ஆமா, தரிசனம் முடிஞ்சு வருவாங்க, அப்பப் பாருங்க" என்றால் வழி திறந்துவிட்டது. "இல்லீங்க, இது வேற வண்டி" என்று முகத்தைத் திருப்பினால், உள்ளே இருப்பது அவரே ஆனாலும் பார்க்க விருப்பமில்லை என்றுதான் பொருள். அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஈரத்துணியோடு இருப்பவரிடம் போகாதீர்கள்

மற்ற ஊர்களில் இல்லாத சிக்கல் இங்கே இது. வருகிறவர்களில் பாதிப்பேர் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. அப்பா, அம்மா காரியத்துக்கு வருகிறார்கள். அக்னி தீர்த்தக் கரையில் புரோகிதர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவரின் வலது கை மோதிர விரலைப் பாருங்கள். தர்ப்பைப் பவித்திரம் மாட்டியிருக்கிறதா? முன்னால் வாழை இலையில் எள்ளும் பிண்டமும் இருக்கிறதா? கூட வந்தவர் மடியில் துணி சுற்றிய சிறு மண்கலயம் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வணக்கம்கூட வைக்க வேண்டாம். சங்கல்பத்தில் செத்தவர் பேரும் கோத்திரமும் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதரிடம் போய் "உங்க ஃபேன் சார்" என்றால் அவருக்கு என்ன பதில் வரும்? பவித்திரத்தைக் கழற்றிய பிறகும் உடனே போகக் கூடாது. அடுத்தது கடலில் முழுக்கு. பிண்டம் கரைப்பதும் அப்போதுதான்.

கடலில் முழுகியபின் கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணற்று மேட்டில் நிற்பவர் கயிற்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்ற, ஈரத்தோடே அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். கல்தரை முழுக்கத் தண்ணீர், வழுக்கும். முன்னால் போகிறவர் நடிகை என்று யாரோ சொல்லப் பின்னால் வருகிறவர்கள் முண்டியடித்தால் விழுவது பெரும்பாலும் வயதானவர்கள்தான். உடம்போடு ஒட்டிய புடவையில் நிற்கும் பெண்ணை உற்றுப் பார்ப்பதே தப்பு. படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னதன்படி கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடையும் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போகிற கெட்டிக்காரர்கள் போனையும் பறிகொடுத்து, பேச்சும் வாங்கிக்கொள்வார்கள்.

தீர்த்தமாடி முடித்தவர்கள் துணி மாற்றிக்கொண்டுதான் சன்னதிக்குப் போக முடியும். ஈரத்துணிக்கு உள்ளே அனுமதி இல்லை. மாற்றிய துணியோடு பிராகாரத்தில் எதிரே வந்தால் கைகூப்பி ஒரு சிரிப்பு போதும். பேச வேண்டிய நேரம், தரிசனம் முடித்து நெற்றியில் விபூதியும் கையில் பிரசாதப் பையுமாகக் கோபுர வாசல் தாண்டி வரும்போது. மனசு லேசாகியிருக்கும், பசியும் எடுத்திருக்கும். அதனால் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்.

என்ன பேசுவது

எதிர்ப்பக்கமாக, அவர் கண்ணில் படும்படி நடந்து போய் நாலடி தள்ளி நில்லுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடுவதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது. கூட வந்தவர் கை குறுக்கே வரும், குரல் உயரும், கூட்டம் சேரும்.

மூன்று வாக்கியம் போதும். வணக்கம், அவர் செய்த ஒரு வேலையைக் குறிப்பாகச் சொல்லி அது பிடித்தது என்பது, பிறகு ஒரு கேள்வி: "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்?" சினிமாக்காரர்களுக்குச் சார், மேடம், வயதான பாடகர், எழுத்தாளர் என்றால் ஐயா, அம்மா. வந்தவர் முஸ்லிம் என்றால், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி "காக்கா" என்று அன்பாகக் கூப்பிட்டால் சென்னைக்காரர் மிரண்டுவிடுவார். பாய் என்றோ சார் என்றோ சொல்லலாம்.

"என்னை ஞாபகம் இருக்கா?", "ஏன் சார் இப்பல்லாம் படமே பண்றதில்ல?", "மெலிஞ்சிட்டீங்களே, உடம்புக்கு என்ன?" இந்த மூன்றும் நல்ல எண்ணத்தில் கேட்கப்படுபவைதான். மூன்றும் முகத்தை இறுக்கிவிடும். வீட்டில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டு "ஒரு வார்த்தை பேசுங்க சார்" என்று நீட்டுவதும் வேண்டாம். மறுமுனையில் நம்ப மாட்டார்கள். அவர் நடுத்தெருவில் தன் பேரைச் சொல்லி நிரூபித்துக்கொண்டு நிற்பார்.

படமும் கையெழுத்தும்

கடற்கரையில் போனுக்கு முதல் எதிரி லென்ஸ் மேல் படியும் உப்பு. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் முகம் புகை மூட்டமாக வரும். ஈரத்துண்டால் துடைத்தால் உப்பு கரைந்து பரவி, காய்ந்ததும் வெள்ளைப் படலமாகிவிடும். முதலில் ஊதி மணலைத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கவும். இதை அவர் பக்கத்தில் போகும் முன்பே செய்துவிட வேண்டும்.

செல்ஃபியைவிட மூன்றாவது ஆளிடம் கொடுத்துப் பின்கேமராவில் எடுப்பது மேல். ஈரவிரலுக்குத் திரை வேலை செய்யாது. ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான போன்களில் படம் விழும். அரிச்சல்முனையில் காலையில் எடுத்தால் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வைக்காதீர்கள். இரண்டு முகமும் கருத்துப்போகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும்போது, காரை மறைப்பாக வைத்து அதன் காற்று படாத பக்கம் நிற்பது நல்லது. மூன்று தடவை அமுக்கியதும் போதும் என்று நன்றி சொல்லி நகருங்கள். குடும்பத்தில் ஆறு பேர் என்றால் ஆறு பேரும் ஒரே படத்தில். ஒவ்வொருவராக நின்றால் நாலாவது ஆள் வருவதற்குள் வேன்காரர்கள் எல்லாம் இறங்கி வந்திருப்பார்கள்.

கையெழுத்துக்கு அட்டை போட்ட சின்ன நோட்டும் சாதாரண பால்பாயின்ட் பேனாவும் கொண்டு போங்கள். கடல் ஈரத்தில் ஜெல் பேனா ஊறிப் பரவும், ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் இறங்கும். தரிசன ரசீது வழவழத்தாள் என்றால் பேனா ஓடாது. ரூபாய் நோட்டில் கேட்கவே கூடாது. நோட்டில் எழுத வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லிக்கொண்டே இருக்கிறது. யார் பேருக்கு வேண்டுமோ அந்தப் பேரைத் தனித்தாளில் எழுதிக் காட்டினால் எழுத்துப்பிழை வராது.

வந்தவர் அமைச்சரானால்

இந்தக் கடற்கரையில் அமைச்சரைப் பார்க்க ஓடுகிறவர்களில் பலருக்குப் போட்டோ வேண்டியதில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகும் ஆளும் திரும்ப வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு எதிர்பாராமல் கிடைக்கும் ஒரு நிமிடம் பெரிது. அதை அழுகையிலேயே கரைத்துவிடக் கூடாது.

மனு ஒரே பக்கம். மேலே மீனவர் பெயர், ஊர், படகின் பதிவெண், மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன நாள், பிடிபட்ட நாள், இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது. கீழே ஒரே ஒரு கோரிக்கை, உங்கள் போன் நம்பர். மூன்று நகல்: ஒன்று அமைச்சர் கையில், ஒன்று அவருடைய உதவியாளர் கையில், ஒன்று உங்களிடம். அமைச்சர் வாங்கும் தாள் கார் சீட்டில் மற்ற மனுக்களோடு சேர்ந்துவிடும். பின்னால் போன் வருவது உதவியாளரிடம் கொடுத்ததை வைத்துத்தான். அவர் பேரையும் நம்பரையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். இப்படிப்பட்ட மனுவை நடிகரிடம் கொடுப்பதில் பயனில்லை.

போலீஸ் நிற்கும் இடத்தில் கையைப் பைக்குள்ளோ சட்டைப்பைக்குள்ளோ திடீரென்று விடாதீர்கள். மனுவை முன்னதாகவே வெளியே எடுத்துக் கையில் பிடித்திருங்கள். சால்வை, மாலை என்றால் முதலில் பாதுகாவலரிடம் காட்டுங்கள். தூரத்திலிருந்து வீசினால் தடியால்தான் பதில் வரும்.

அவர் பாலம் தாண்டட்டும், பிறகு போடுங்கள்

தீவிலிருந்து கரையேற ஒரே சாலைப் பாலம்தான், 1988-இல் திறந்தது. தனுஷ்கோடிக்கும் ஒரே ரோடு. அரிச்சல்முனையில் தூணைச் சுற்றித் திரும்பி வந்த வழியே வர வேண்டும். காலை எட்டு மணிக்கு நீங்கள் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், அவர் இட்லி சாப்பிட்டு எழுவதற்குள் பாம்பனில் ஆள் நிற்கும். பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கையசைப்பவர்களால் பின்னால் வரும் மீன் லாரியும் ஆம்புலன்ஸும் சேர்ந்து நிற்கும். ஆகவே, சாயங்காலம் போடுங்கள். தங்கிய லாட்ஜ் பேர், கார் நம்பர், பிள்ளைகளின் முகம் படத்தில் வரக் கூடாது. பைக்கில் காரைத் துரத்துவதும் வேண்டாம். தனுஷ்கோடிச் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கும், பிரேக் பிடித்தால் சறுக்கும்.

ஆட்டோ, கடை, லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. காசு வாங்குங்கள், எல்லோரிடமும் வாங்கும் அதே காசை. "உங்ககிட்டப் போய்க் காசா?" என்று மறுத்தால் அவர் பதிலுக்கு நோட்டைத் திணிக்க, நீங்கள் தள்ள, நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். லாட்ஜ் ரிஜிஸ்டரில் இருக்கும் ஆதார் நகலும் கையெழுத்தும் ஊழியர்கள் குரூப்பில் சுற்றினால் அது குறும்பு அல்ல, வழக்காகும். மேனேஜர் அன்றைக்கு அந்த ரிஜிஸ்டரைத் தன் மேஜையிலேயே பூட்டி வைப்பது நல்லது.

தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் பக்கம் ஷூட்டிங் நடந்தால் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், லைட்மேன்களுக்குப் பின்னால் நில்லுங்கள். போன் சைலன்டில் இருக்கட்டும். நடிகரைப் பார்க்க வேண்டுமென்றால் கேட்க வேண்டியவர் புரொடக்‌ஷன் மேனேஜர். சாப்பாட்டு பிரேக்கில் கேட்டால் "வேணாம்" என்பார், ஏனென்றால் நடிகர் தூங்கப் போயிருப்பார். மாலையில் வெளிச்சம் குறைந்து பேக்அப் சொன்னதும் கேளுங்கள். ஆனால் இருட்டும் முன் அங்கிருந்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கடைசி வேனைத் தவறவிட்டால் திரும்ப வழியில்லை.