சின்னக் காரும் பன்னிரண்டு வயது வரை வரும் சீட்டும்

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள், குழந்தைக்கு ஐந்து மாதம். பெட்டியின் மேலிருந்த குழந்தைக் கார் சீட்டின் படத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுழலும் அடிப்பாகம், யானைக்காது மாதிரி இரண்டு பக்கமும் தடுப்பு, 'பிறந்தது முதல் 12 வயது வரை' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. பக்கத்தில் நின்ற கார் ஆல்ட்டோ கே10. அதன் மொத்த நீளமே 3530 மில்லிமீட்டர்தான்.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் வியர்க்க விறுவிறுக்க மேலே வந்தாள். "அக்கா, பின்னாடி பார்த்த மாதிரி மாட்டினா உக்கார மாட்டேங்குதுங்க. முன்னாடி பார்த்து மாட்டிக்கலாமுங்களா? அதுக்கும் வழி குடுத்திருக்காங்களே."

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை நான் ஒரு கடையில் கேட்டேன். "தாராளமா மாட்டுங்க மேடம்" என்று பதில் வந்தது. அந்தத் 'தாராளமா' இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

என் இரண்டு பிள்ளைகளும் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கின் பின்சீட்டில்தான் வளர்ந்தார்கள். இப்போது சொந்தத்தில் யார் சீட் வாங்கினாலும் மாட்டித்தர என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் செய்த அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்துவைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரிந்ததால்தான் சீட் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரிய சீட், ஒரே செலவு

மூத்தவன் பிறந்தபோது 24,000 ரூபாய்க்கு ஒரு சீட் வாங்கினோம். பன்னிரண்டு வருஷத்துக்கு உழைக்கும், வருஷத்துக்கு இரண்டாயிரம்தானே என்று என் கணவர் கணக்குப் போட்டார். கணக்கில் தப்பில்லை. காரை அளக்காமல் விட்டதுதான் தப்பு.

பிறந்த குழந்தைக்கான சீட்டைப் பின்னோக்கி, அதாவது குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுக்குழல் மடங்காமல் இருக்க, நன்றாகச் சாய்த்தும் வைக்க வேண்டும். சாய்த்த பெரிய சீட்டின் தலைப்பக்கம் நேராக முன்சீட்டின் முதுகில் போய் முட்டுகிறது. எங்கள் காரில் கணவர் வசதியாக உட்கார்ந்தபின் பின்சீட்டின் முதுகிலிருந்து முன்சீட்டின் முதுகு வரை மிஞ்சிய இடம் 66 சென்டிமீட்டர். சீட்டுக்கு 78 வேண்டியிருந்தது. நம் ஊரில் நாலு மீட்டருக்குள் அடங்கிய சின்ன எஞ்சின் காருக்கு வரி குறைவு. அந்த நாலு மீட்டருக்குள் எஞ்சின், டிக்கி, இரண்டு வரிசை சீட் எல்லாம் போக மிஞ்சுவதுதான் குழந்தைக்கு.

முன்சீட்டை நகர்த்தி நகர்த்தி, கணவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினோம். எட்டாவது மாதம் பழனிக்குக் கிளம்பிய காலையில் பொறுமை போய், சீட்டை முன்னோக்கித் திருப்பிவிட்டோம். எல்லாருக்கும் நிம்மதி. குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. பொள்ளாச்சி தாண்டி ஒரு மாடு குறுக்கே வர, கணவர் பிரேக்கை மிதித்தார். காரில் கீறல்கூட இல்லை. ஆனால் தோள் பட்டைகள் உடம்பைப் பிடித்துக்கொள்ள, அந்தச் சின்னத் தலை மட்டும் முன்னால் போய் மார்பில் தட்டித் திரும்பியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். குழந்தை அழக்கூட இல்லை, விழித்துப் பார்த்தது, அவ்வளவுதான். பழனி போய்ச் சேரும்வரை நான்தான் பேசவில்லை.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்கு அளவுதான். கழுத்தெலும்புகளோ இன்னும் முழு எலும்பாகவில்லை. குருத்தெலும்பு சேர்த்துப் பிடித்திருக்கும் துண்டுகள் அவை, ஒன்றாக இறுக மூன்று முதல் ஆறு வயது ஆகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி நிற்பது, வேகக் கணக்கில், பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பின்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாகத் தாங்குகிறது. முன்னோக்கி இருந்தால் உடம்பைப் பட்டை நிறுத்திவிடும், தலையை நிறுத்த அந்தக் கழுத்து மட்டும்தான்.

'9 கிலோவுக்கு மேல் முன்னோக்கி மாட்டலாம்னு பெட்டியிலேயே போட்டிருக்கே' என்று அடுத்ததாகக் கேட்பார்கள். போட்டிருப்பார்கள். ஆர்44 என்ற பழைய ஐரோப்பிய விதி எடையை வைத்துப் பிரித்தது, அதில் 9 கிலோ ஆனால் திருப்பலாம். கொழுகொழு பையன் ஒன்பது மாதத்திலேயே அதைத் தொட்டுவிடுவான். 2013-இல் வந்த ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, கூடவே 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது என்கிறது. அந்தப் 15 மாதமும் குறைந்தபட்சம்தான். சீட் தாங்கும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை.

'காலை மடக்கிட்டுக் கிடக்கே, பாவம்' என்று வீட்டில் ஒரு பாட்டியாவது சொல்வார். அதே பாட்டி அந்தக் குழந்தையைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரவைத்துத்தான் சோறு ஊட்டுவார்.

ஆக, எனக்கு எரிச்சல் மூட்டுவது சுழலும் சீட்டோ அதன் விலையோ இல்லை. பெரிய சீட்டை வாங்கிச் சின்னக் காரில் வைத்ததும் வேறு வழியில்லாமல் குழந்தையைத் திருப்புகிறார்கள். ஆரம்பத்திலிருந்தே பின்னோக்கி வைக்கச் சம்மதித்தவர்கள்தான் இவர்கள். சீட்டின் அளவு இவர்களுக்கான முடிவை எடுத்துவிடுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வழக்கமாக ஓட்டுகிறவரையும் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரையும் காரில் உட்காரச் சொல்லி, அவர்களுக்கு வசதியான இடத்தில் முன்சீட்டுகளை நிறுத்துங்கள். ஓட்டுகிறவர் உயரமென்றால் அவருக்குப் பின்னால் சீட் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நமக்கு இடது பக்கம்தான் நல்லது, சாலையோரமாக நின்று குழந்தையை ஏற்றி இறக்கலாம். பிறகு டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னோக்கிச் சாய்த்த நிலையில் சீட் எத்தனை சென்டிமீட்டர் பிடிக்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள். அதைவிட நல்லது, காரைக் கடைவாசலில் நிறுத்தி மாட்டிப் பார்ப்பது. ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்க வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் பெட்டியைப் பிரித்து மாட்டிப் பாருங்கள். குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் நிறையப் பேர்.

சின்னவளுக்கு இரண்டு கட்டமாக வாங்கினோம். முதலில் 13 கிலோ வரை தாங்கும் கைப்பிடி வைத்த சின்னச் சீட், ஏறக்குறைய 14 மாதம் வந்தது. எடை வரம்புக்குள் இருந்தாலும், குழந்தையின் தலை சீட் ஓட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டால் அதன் காலம் முடிந்தது. அப்புறம் 18 கிலோ வரை பின்னோக்கி வைக்கக்கூடிய ஒல்லியான சீட். இரண்டும் சேர்ந்தே அந்த 24,000-ஐத் தொடவில்லை.

ஐசோஃபிக்ஸ் இருக்கு, அப்புறமென்ன?

பின்சீட்டின் முதுகும் உட்காரும் மெத்தையும் சேரும் இடுக்கில் கையை விட்டால், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையம் தட்டுப்படும். அதுதான் ஐசோஃபிக்ஸ். அதில் இரண்டு 'கிளிக்' கேட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பிடிப்பு வேண்டும். இல்லாவிட்டால் மோதலில் சீட் அந்த இரண்டு வளையத்தை அச்சாக வைத்து முன்னால் கவிழும். மூன்றாவது பிடிப்பு, தரையில் ஊன்றும் காலாகவோ பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் மாட்டும் மேல்பட்டையாகவோ இருக்கும். சின்னக் கார்களில் மேல்பட்டைக்கான கொக்கி டிக்கிப் பக்கம் ஒளிந்திருக்கும், பார்சல் ட்ரேயைக் கழற்றினால்தான் தெரியும். என் சித்தப்பா மகன் ஒன்றரை வருஷம் அந்தப் பட்டையைச் சாமான் கட்டும் வளையத்தில் மாட்டி ஓட்டியிருந்தான். காரின் கையேட்டில் நங்கூரப் படம் போட்ட பக்கத்தைப் பாருங்கள்.

காரின் குழந்தைப் பாதுகாப்பு நட்சத்திரத்தை நம்பியும் ஏமாற வேண்டாம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு மொத்தம் 49 புள்ளி. அதில் ஏறக்குறைய பாதி, 18 மாதம், 3 வயது அளவுள்ள பொம்மைகளை, அவற்றுக்கென்று தேர்ந்தெடுத்த சீட்டில், சரியாக மாட்டி மோதிப் பார்த்து வாங்கிய புள்ளி. நீங்கள் தள்ளுபடியில் வாங்கிய சீட்டுக்கு அது பொருந்தாது.

பெல்ட் எட்டாத கார்

ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய கார் என்றால் பெல்ட்டால் கட்டும் சீட் வாங்கலாம், தரத்தில் குறைவில்லை. ஆனால் கைப்பிடி வைத்த சின்னச் சீட்டைக் கட்ட, பெல்ட் குழந்தையின் மடிமேல் போய், பிறகு சீட்டின் முதுகைச் சுற்றி வர வேண்டும். பழைய ஹேட்ச்பேக் பலவற்றில் பெல்ட் அவ்வளவு நீளம் கிடையாது. திருப்பூரில் என் நாத்தனார் காரில் நாலு விரற்கடை குறைந்தது. 'பெல்ட்டை நீட்டித்தரும் துண்டு கிடைக்குதாம் அண்ணி, முந்நூறு ரூபாதான்' என்றாள். அதை வாங்காதீர்கள், சீட் அதோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டதில்லை. நடு இடத்தில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கும் காரென்றால், அந்த இடமும் இதற்கு ஆகாது.

கட்டி முடித்ததும் பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் இறுகும். புடவையோடு இதைச் செய்ய வராது, அனுபவம்.

முன்சீட்

ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் பின்னோக்கிய சீட் வைத்தால், மோதலில் அந்த ஏர்பேக் குழந்தையின் தலைக்குப் பின்னால் வெடிக்கும். வைக்காதீர்கள்.

லேபிள் இல்லாத குஷன்

ஹெட்ரெஸ்ட்டில் நாடா கட்டித் தொங்கவிடும் துணி மெத்தையை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு 'கார் சீட்' என்று விற்கிறார்கள். ஓட்டில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர், அதில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்து, பக்கத்தில் அனுமதி தந்த நாட்டின் எண் (1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து) இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுத் தரம் ஏஐஎஸ்-072. இரண்டும் இல்லையென்றால் அது தலையணை.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். என்னை இதற்காக யாரும் நிறுத்தியதில்லை. போலீசுக்குக் காட்ட வாங்குகிறவர்கள் அந்தத் தலையணையையே வாங்கிக்கொள்ளலாம்.

பட்டுப்பாவாடை

இதை எந்தக் கையேட்டிலும் பார்க்க முடியாது. கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுப்பாவாடையோடு உட்காரவைத்தால், கால்களுக்கு நடுவே வர வேண்டிய பட்டை பாவாடைக்கு மேலேயே நின்றுவிடும். இடுப்புப் பட்டை தொடையில் பதியாமல் வயிற்றில் ஏறும். ஊட்டி ஸ்வெட்டரும் அப்படித்தான். இறுக்கமாகக் கட்டியதுபோல் தெரியும், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அதே அளவில் பூட்டிப் பாருங்கள், பட்டைக்குள் கையே போகும். மண்டபத்துக்குப் போய் உடுத்திவிடுங்கள். குளிருக்கு, பட்டையைப் பூட்டியபின் மேலே போர்த்துங்கள். தோளருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு சிக்கக் கூடாது.

வெயிலில் நின்ற காரில் பக்கிளின் இரும்பு தோசைக்கல் மாதிரி சுடும். ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடிவிட்டு இறங்குங்கள்.

பழைய சீட்

விபத்தில் அடிபட்ட சீட்டின் ஓட்டில் விரிசல் வெளியே தெரியாது. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கும் நொறுங்கத் தொடங்கும். அதன் கதை முழுக்கத் தெரிந்த சொந்தக்காரரிடம் வாங்கலாம், தெரியாதவரிடம் வேண்டாம்.

தெரியாதவருக்கு விற்க நானே ஒருமுறை கிளம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 24,000 ரூபாய்ச் சீட்டை ஒன்பதாயிரத்துக்குப் போட்டிருந்தேன். சிங்காநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார், ஆறு மாதக் குழந்தையாம். பேரம் பேசவில்லை. நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். தூக்கிக்கொண்டு கீழே போனால், அவர் வந்த கார் என்னுடையதைவிடச் சின்னது. மாட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள் என்றேன். பார்த்தார், முட்டியது. "பரவாயில்லீங்க, திருப்பி மாட்டிக்கறேன்" என்று பர்ஸை எடுத்தார்.

கொடுக்கவில்லை. கணவருக்கு இன்றுவரை அதில் வருத்தம். சீட் பரணில் இருக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் கணக்குப்படி இன்னும் ஐந்து வருஷம் உழைக்க வேண்டிய சீட்.