டெம்ப்ஸ்டர் சாலைக்குக் கூட்டமாகப் பைக்கில் போகிறவர்களுக்கு

கனடாவின் யூக்கான் பகுதியில், டாசன் சிட்டியிலிருந்து கிழக்கே 40 கி.மீ. போனால் இடது பக்கம் ஒரு சரளைச் சாலை பிரியும். அதுதான் டெம்ப்ஸ்டர். அங்கிருந்து வடக்கே இனுவிக் ஊர் 736 கி.மீ. 1979-இல் திறந்த சாலை. 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து டக்டோயாக்டக் வரை ஏறத்தாழ 140 கி.மீ. கூடுதலாகப் போட்டுத் திறந்ததால், இப்போது ஆர்க்டிக் கடற்கரை வரை பைக்கிலேயே போய்விடலாம். தொடக்கத்திலும் இனுவிக் அருகிலும் கொஞ்ச தூரம் தவிர, முழுக்கச் சரளைதான்.

நான் ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மன்டனில் பைக் மெக்கானிக்காக இருக்கிறேன். கோடை நெருங்கினால் நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து வந்து, "டெம்ப்ஸ்டர் போறோம், வண்டியைப் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். வண்டியைப் பார்ப்பது எனக்கு அரை நாள் வேலை. அந்த நாலு பேரும் தங்களுக்குள் என்ன பேசி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இந்தச் சாலையில் கூட்டத்தின் வேகம் என்று ஒன்று கிடையாது. மிகச் சிறிய பெட்ரோல் டேங்க்கும், மிக மெதுவாக ஓட்டும் ஆளும் சேர்ந்துதான் திட்டத்தை முடிவு செய்கிறார்கள். மற்றவர்கள் இதை மனதார ஏற்றுக்கொண்டால் பயணம் நன்றாக இருக்கும்.

எத்தனை பேர் என்று கேட்டால், நான்கு பேர் என்பேன். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், மற்ற இருவர் சேர்ந்து உதவி தேடிப் போகலாம். ஒருவர் திரும்பிப் போக நினைத்தாலும் துணைக்கு ஒருவர் கிடைப்பார், மீதி இருவரும் தனியாக இல்லை. மூன்று பேராகப் போனால் இந்தக் கணக்கில் யாராவது ஒருவர் தனியாக மாட்டிக்கொள்வார். ஆறு பேர் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வழியில் தங்க இடம் பிடிப்பதே பெரும்பாடு.

யார் முடிவெடுப்பது என்பதையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். நான் போகும் குழுவில் ஒரே விதி: யாராவது ஒருவர் "இன்றைக்குப் போதும்" என்று சொன்னால் அன்றைய ஓட்டம் அங்கேயே நிற்கும். காரணம் கேட்பதில்லை. எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டிய ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் எப்போது நிற்கச் சொன்னாலும் நிற்கிறோம். அதனால்தான் அவரும் கூச்சப்படாமல் சொல்கிறார். சொல்லத் தயங்கி, களைப்போடு கூட்டத்தைப் பிடிக்க விரட்டும் ஆள்தான் சரளையில் விழுவார்.

இந்தச் சாலையின் பெயருக்குப் பின்னால் உள்ள கதை இதே விஷயம்தான். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற போலீஸ் அதிகாரியும் மூன்று பேரும் நாய் வண்டிகளோடு ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பினார்கள். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று உணவுச் சுமையைக் குறைத்துக்கொண்டார்கள். வழி தெரிந்த, குவிச்சின் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டியை நடுவழியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு வழி தவறி, திரும்ப வேண்டிய நேரம் கடந்தும் பாதையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நால்வரும் இறந்தார்கள். 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிப்போய் உடல்களைக் கண்டவர்தான் டெம்ப்ஸ்டர். நான் இந்தக் கதையை ஒவ்வொரு குழுவுக்கும் சொல்கிறேன். உணவு, வழி தெரிந்தவர் பேச்சு, திரும்பும் நேரம். இந்த மூன்றும் நூறு வருடம் கழித்தும் மாறவில்லை.

இனி பெட்ரோல். இதில் யாரும் தோராயமாகப் பேசக் கூடாது. டாசனில் டேங்க்கை நிரப்பினால், அடுத்து உறுதியாகப் போடக்கூடிய இடம் ஈகிள் பிளெய்ன்ஸ் விடுதி. டெம்ப்ஸ்டர் பிரியும் இடத்திலிருந்து 369 கி.மீ., டாசனிலிருந்து கணக்கிட்டால் 409 கி.மீ. அதற்கப்புறம் ஃபோர்ட் மெக்பெர்சன் ஏறத்தாழ 180 கி.மீ., அங்கிருந்து இனுவிக் இன்னொரு 185 கி.மீ. ஆக, கடினமானது முதல் துண்டுதான். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் வண்டிக்கு அதற்கு மட்டும் 20.5 லிட்டர் வேண்டும். மேலே ஐந்து லிட்டராவது கையிருப்பு. கவாசாகி கேஎல்ஆர் 650-இன் டேங்க் 23 லிட்டர், அதனால் சின்ன கேன் ஒன்று போதும். 13 லிட்டர் டேங்க்கோடு வரும் சுசுகி டிஆர் 650-க்குக் கேன்களை அடுக்க வேண்டும், அல்லது பெரிய டேங்க் மாற்ற வேண்டும்.

உங்கள் வண்டியின் மைலேஜ் என்று கம்பெனி சொல்வதையோ நெடுஞ்சாலையில் கிடைப்பதையோ இங்கே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கப் பெட்டி, கூடாரம், கேன் எல்லாம் ஏற்றி, எதிர்காற்றில் சரளையில் ஓட்டினால் என்ன கிடைக்கிறது என்று அளந்து பாருங்கள். ஆல்பர்ட்டாக்காரர்களுக்கு ஃபாரஸ்ட்ரி ட்ரங்க் ரோடு என்ற சரளைச் சாலை இருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு வார இறுதி முழுச் சுமையோடு எல்லோரும் அங்கே ஓட்டுங்கள். மைலேஜும் தெரியும், யாருடைய பெட்டி கழன்று விழுகிறது என்பதும் தெரியும், யாருக்குச் சரளையில் பழக்கமில்லை என்பதும் தெரிந்துவிடும். அந்த ஓட்டத்துக்கு வர நேரமில்லை என்பவரை நான் டெம்ப்ஸ்டருக்குக் கூட்டிப் போவதில்லை.

ஒரு சின்னப் பழக்கம்: டேங்க்கில் இடம் கிடைத்தவுடன் கேனில் உள்ளதை ஊற்றிவிடுங்கள். கேன் காலியாக இருந்தால் விழுந்தாலும் பெட்ரோல் போகாது. ஈகிள் பிளெய்ன்ஸுக்கு முதல் நாள் போன் செய்து, பம்ப் ஓடுகிறதா, அறை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டயருக்கு வருவோம். நிலத்தடியில் உறைபனி உருகாமல் இருக்க, இந்தச் சாலையை 1.2 மீட்டரிலிருந்து 2.4 மீட்டர் வரை உயர்த்திச் சரளை மேட்டின் மேல் போட்டிருக்கிறார்கள். அந்தச் சரளையில் பல இடங்களில் ஷேல் கல் கலந்திருக்கிறது. கத்தி மாதிரி விளிம்பு, டயரைக் கிழிக்கும். புது டயர் போட்டுக்கொண்டு எட்மன்டனிலிருந்தே ஓட்டி வராதீர்கள். அலாஸ்கா நெடுஞ்சாலையின் தாரில் பாதி தேய்ந்துவிடும். யூக்கான் தலைநகர் வைட்ஹார்ஸில் கடை ஒன்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்து, அங்கே மாற்றிக்கொள்வது நல்லது. டிகேசி 80, ஹைடெனாவ் கே60 மாதிரி கட்டை கட்டையாகப் பற்கள் உள்ள டயர்கள் போதும். காற்றை மிகவும் குறைத்துவிடாதீர்கள், ரிம் அடி வாங்கும்.

குழுவாகப் போவதில் ஒரு பெரிய லாபம் உதிரிகளைப் பகிர்வது. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு சக்கரம் இருந்தால் டியூப் சுமை பாதியாகும். 21 இஞ்ச் டியூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் திணித்து ஓட்டலாம். டயர் லீவர், 12 வோல்ட் கம்ப்ரஸர், பிளக், பேட்ச் ஆகியவற்றில் இரண்டு செட், இரண்டு வெவ்வேறு வண்டியில் இருக்கட்டும். கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் அவரவர் கொண்டு வர வேண்டும், அது பொதுச் சொத்து ஆகாது.

மழை. தூசி பறக்காமல் இருக்கச் சாலையில் கால்சியம் குளோரைடு தூவுகிறார்கள். காய்ந்திருந்தால் அருமையான கெட்டித் தரை. நனைந்தால் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரைதான். அப்போது ஓட்டாதீர்கள். நில்லுங்கள், டீ போடுங்கள். மழை விட்டு வெயிலும் காற்றும் வந்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். இதற்காகத்தான் திட்டத்தில் இரண்டு நாள் சும்மா விட வேண்டும் என்கிறேன். டாசனிலிருந்து டக்டோயாக்டக் போய்வர 1,800 கி.மீ.க்குச் சற்று மேல். ஆறு நாளில் முடியும், எட்டு நாளாக எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற ஆள் ஒருவர் இருந்தால், அந்த அவசரம் எல்லோர் கையிலும் ஏறிவிடும்.

சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி வேலை செய்த இடத்தில், நடுவில் வரப்பு மாதிரி தளர்ந்த சரளை கிடக்கும். அதைச் சாய்வாகத் தாண்ட முயலாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே இருங்கள். லாரி வந்தால் வலது ஓரம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, தேவையென்றால் நின்றே விடுங்கள். கல் தெறிக்கும், பிறகு சில நொடி ஒன்றும் தெரியாது. அதே தூசிக்காகத்தான் நமக்குள்ளும் இடைவெளி வேண்டும். அரை கிலோமீட்டர் விட்டு ஓட்டுங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் சில நிமிடம் தெரியவில்லை என்றால் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை எல்லோரும் கூடுவோம்.

ஆர்க்டிக் வட்டம் 405-ஆவது கிலோமீட்டரில். பலகை அருகே படம் எடுத்த கையோடு காற்றைக் கவனியுங்கள். அங்கிருந்து 465-ஆவது கிலோமீட்டரில் உள்ள யூக்கான் எல்லை வரை ரிச்சர்ட்சன் மலையோரம், வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் அளவுக்குக் காற்று வீசும். எல்லை தாண்டினால் இரண்டு விஷயம் மாறும். வடமேற்குப் பிரதேசத்தில் கிலோமீட்டர் பலகை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே உதவிக்கு அழைக்கும்போது எந்தப் பக்கத்துக் கிலோமீட்டர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடையில் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். பீல் ஆற்றையும் மெக்கன்சி ஆற்றையும் படகில்தான் தாண்ட முடியும். கட்டணம் கிடையாது, ஆனால் இரவில் நிறுத்திவிடுவார்கள், ஆற்று நீர்மட்டத்தைப் பொறுத்தும் நிற்கும். இறங்கும் மேடு தளர்ந்த சரளை, அதனால் ஒவ்வொருவராக இறங்குங்கள்.

டாசனை விட்டால் ஃபோர்ட் மெக்பெர்சன் வரை செல்போன் சிக்னலை நம்ப முடியாது. சாட்டிலைட் கருவி இரண்டு வேண்டும், முதலில் போகிறவரிடம் ஒன்று, கடைசியில் வருகிறவரிடம் ஒன்று. ஆஸ்பத்திரி டாசனிலும் இனுவிக்கிலும்தான். விமானத்தில் ஏற்றிப் போக வேண்டிவந்தால் வேறு மாகாணத்து மருத்துவ அட்டை பெரும்பாலும் அந்தச் செலவை ஏற்காது. தனிக் காப்பீடு எடுங்கள், அதில் மோட்டார் சைக்கிளுக்கு விலக்கு இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்.

எந்த மாதம்? ஜூன், ஜூலையில் இரவு சரியாக இருட்டாது, கொசுவும் போகாது. நான் ஆகஸ்ட் பின்பாதியைத்தான் சொல்வேன். வழியில் உள்ள டூம்ப்ஸ்டோன் பூங்காவில் தரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக மாறும், கொசு குறையும், இரவு இருட்டத் தொடங்குவதால் வடதுருவ ஒளியும் தெரியலாம். குளிர் உறையும் அளவுக்கு இறங்கும், பனி விழவும் கூடும். சூடேற்றும் கையுறை இருந்தால் கொண்டு வாருங்கள்.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. அவல், ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எல்லாம் இந்தப் பயணத்துக்குப் பொருத்தமானவை. எடை குறைவு, வெந்நீர் போதும். ஆனால் கரடிக்கு வாசனை எட்டும். சமைப்பது கூடாரத்திலிருந்து தள்ளி, சாப்பாடு மொத்தமும் முகாமில் உள்ள கரடி திறக்க முடியாத பெட்டியில், அல்லது கரடிக் கேனில். பல் தேய்க்கும் பேஸ்டும் அதில்தான் போக வேண்டும். கரடியை விரட்டும் ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுவர முடியாது, வைட்ஹார்ஸில் வாங்கி இடுப்பில் மாட்டுங்கள். பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை.

வழி தெரிந்தவர்களைக் கேளுங்கள். 511 யூக்கான் என்ற சேவையில் சாலை நிலவரத்தைத் தினமும் பாருங்கள். அதைவிட, எதிரே வரும் லாரிக்காரரும் படகில் வேலை செய்பவரும் சொல்வது புதிய செய்தி. ஃபோர்ட் மெக்பெர்சன் குவிச்சின் மக்களின் ஊர், டக்டோயாக்டக் இனுவியாலுயிட் மக்களின் ஊர். ஊருக்குள் மெதுவாக ஓட்டுங்கள், கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள், பைக்கைச் சாலையை விட்டுத் தரையில் இறக்காதீர்கள். அந்தத் தடம் பல ஆண்டுகள் அழியாது.

ஒரு குழப்பத்தைத் தவிர்க்க: அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் டாசன் கிரீக் வேறு, டாசன் சிட்டி வேறு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2,000 கி.மீ. அறை பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரை இருமுறை பாருங்கள்.

சேறு படிந்த ரேடியேட்டரை ஒவ்வொரு மாலையும் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்யுங்கள், காய்ந்தால் சிமெண்ட் ஆகி வண்டி சூடேறும். டாசன் திரும்பியதும் முதல் வேலை வண்டிக்கு முழுக் குளியல். கால்சியம் குளோரைடு அலுமினியத்தையும் ஸ்போக்கையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். அதிக அழுத்தம் இல்லாத தண்ணீரில் அடிப்பக்கம் வரை கழுவுங்கள், பிரேக் பேடைக் கழற்றித் துடையுங்கள், செயினுக்கு எண்ணெய் போடுங்கள், போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். அதன் பிறகு வைட்ஹார்ஸுக்கு வண்டியை எடுக்கலாம்.