பழைய ரோல்ஸ் ராய்ஸை வாசிப்பது எப்படி?

கண்காட்சியில் பழைய ரோல்ஸ் ராய்ஸ் நின்றால் எல்லோரும் முதலில் பறக்கும் பெண் சிலையைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் அதற்குக் கீழே குனிவேன். ரேடியேட்டரில் இரட்டை 'ஆர்' சிவப்பாக இருந்தால், பெரும்பாலும் அது 1930களின் தொடக்கத்துக்கு முந்தைய கார். பிறகு எழுத்து கறுப்பானது. 1933இல் நிறுவனர்களில் ஒருவரான ஹென்றி ராய்ஸ் மறைந்த துக்கத்தால் மாற்றினார்கள் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அவர் உயிரோடு இருந்தபோதே எடுத்த முடிவு அது.

அடுத்து, ரேடியேட்டரின் விளிம்போடு ஒட்டிக் கண்ணை வைத்துப் பாருங்கள். எதிரே நின்றபோது நேராகத் தெரிந்த தகடு மிக லேசாக வளைந்திருக்கும். கிரேக்கக் கோயில் தூண்களில் உள்ள அதே உத்தி. இதை முதன்முதலில் கண்டுகொண்ட நாளில் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

சிலைக்கு இப்போது வாருங்கள். சார்லஸ் சைக்ஸ் வடித்தது, 1911இல் வந்தது. 1904இல் மான்செஸ்டரில் ராய்ஸைச் சந்தித்துக் கூட்டாளியான சார்லஸ் ரோல்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1910இல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கடைசியாக, கதவைத் திறக்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் நிறுவனம் அடிச்சட்டமும் எஞ்சினும்தான் விற்றது; உடலைக் கட்டியவர்கள் வேறு. கதவின் கீழ்ப்படியில் ஹூப்பர், பார்க்கர் போன்ற பெயர்த் தகடு இருக்கிறதா என்று தேடுங்கள்.