விதை முளைக்கவில்லையா? டப்பாவையும் கலவையையும் பாருங்கள்

ஆடிப்பட்டம் நெருங்கினால் மதுரை மொட்டைமாடிகளில் கத்தரி, தக்காளி, மிளகாய் விதைப்பு ஆரம்பித்துவிடும். முளைக்காவிட்டால் விதை விற்ற கடைக்காரரைத்தான் முதலில் திட்டுகிறோம். பல நேரம் கோளாறு நாம் கலந்த மண்ணில் இருக்கிறது.

சத்து வேண்டுமே என்று சாணத்தை அள்ளிப் போடாதீர்கள். முளைத்து வரத் தேவையான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஈரம், காற்று, மிதமான சூடு போதும். மக்காத சாணம் சூடு கிளப்பி இளம் வேரைக் கருக்கிவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலை மட்டும் நிரப்புவதும் வேண்டாம். நனைந்தால் களியாகும், காய்ந்தால் வெடிக்கும்.

இரண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு நன்கு மக்கிய மண்புழு உரம், இது போதும். ஆனால் கோகோபீட் கட்டியை ஊறவைத்த கையோடு விதைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழியும்போது டீ நிறத்தில் தண்ணீர் இறங்கும். அது தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலையாவது குடிநீரில் செய்யுங்கள். கலவையைக் கைப்பிடியில் இறுக்கினால் ஓரிரு சொட்டுதான் விழவேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

அப்புறம் டப்பா. தயிர் டப்பா, டீ கப் எதுவானாலும் சரி, சூடான ஆணியால் அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். பெரிய பையில் ஒரு சிட்டிகை விதையைத் தூவினால் அடிமண் காயவே காயாது. நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். அதுதான் நாற்றழுகல், சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. பழைய டப்பாவைக் கழுவாமல் பயன்படுத்தினாலும் இது தொற்றும். முட்டை அட்டை நம் வெயிலுக்கு ஆகாது, மதியத்துக்குள் காய்ந்துவிடும். நாற்றுக்கென்றே குழிகளோடு வரும் கறுப்புக் குழித்தட்டு நல்லதுதான், ஆனால் சுடும் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல், நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்.

விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். மிளகாய் விதையை விரலால் அழுத்திப் புதைத்தால் மேலே வராது.

வெண்டை, அவரை, முள்ளங்கிக்கு இந்தப் பாடே வேண்டாம். வளரப்போகும் பையிலேயே நேராக ஊன்றுங்கள். முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணலாகிவிடும்.