குழந்தைகளின் கொழுப்புக் கல்லீரல்: ரத்தப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கும் முறை

உடல் பருமன் உள்ள குழந்தையின் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஏ.எல்.டி. என்னும் நொதியின் அளவு. நம் ஆய்வக அறிக்கைகளில் இது பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி. என்றே அச்சாகியிருக்கும். கல்லீரல் செல்கள் நலிவுறும்போது இது ரத்தத்தில் கசிகிறது. குழந்தைகளின் இரைப்பை, குடல், கல்லீரல் நோய்களுக்கான வட அமெரிக்க மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பருமனான எல்லாக் குழந்தைகளுக்கும் 9 முதல் 11 வயதுக்குள் இப்பரிசோதனையைத் தொடங்கலாம் என்கிறது.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த படியில்தான். ஆய்வகம் அச்சிடும் இயல்பு வரம்பின் மேல் எல்லை பல இடங்களில் 40 அல்லது அதற்கும் மேல் இருப்பதால், சிறுமி ஒருத்திக்கு 38 என்று வந்தால் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறோம். மேற்சொன்ன வழிகாட்டுதலின்படி லிட்டருக்கு 22 யூனிட் பெண் குழந்தைகளுக்கும், 26 யூனிட் ஆண் குழந்தைகளுக்கும் மேல் எல்லையாகும். ஆகவே அச்சிட்ட வரம்பைப் பாராமல், குழந்தையின் அளவை இந்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

ஒரே ஒரு முடிவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லவும் கூடாது. வைரஸ் காய்ச்சலும் சில மருந்துகளும்கூட இந்நொதியைத் தற்காலிகமாக உயர்த்தும் என்பதால், பரிசோதனையை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேலாக அளவு மேற்சொன்ன மேல் எல்லையின் இருமடங்கைத் தாண்டியே இருந்தால் முழுமையான ஆய்வு தேவை. 80ஐத் தாண்டினால் காத்திருக்காமல் குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

குழந்தை குண்டாக இருக்கிறது என்பதாலேயே காரணம் கொழுப்புதான் என்று முடிவு கட்டுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோயிலும் கல்லீரலில் கொழுப்புப் படியும். உரிய காலத்தில் கண்டுபிடித்தால் மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய அந்நோயைத் தவறவிடாதிருக்க, ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினின் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும், உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சிக்கான எதிர்ப்பொருள் பரிசோதனைகளும் இதே காரணத்துக்காகவே எடுக்கப்படுகின்றன. ஏ.எல்.டி.யும், தசையிலும் உள்ள ஏ.எஸ்.டி. (எஸ்.ஜி.ஓ.டி.) என்னும் நொதியும் உயர்ந்து, கல்லீரல், பித்தநாளம் சார்ந்த ஜி.ஜி.டி. என்னும் நொதி இயல்பாக இருக்கும் சிறுவன் மாடிப்படி ஏறத் திணறினால், பழுது கல்லீரலில் இல்லாமல் தசையில் இருக்கலாம்; அப்போது சி.பி.கே. என்னும் தசை நொதிப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ரத்தக் கொழுப்புப் பரிசோதனை ஆகியவற்றையும் உடன் எடுப்பது வழக்கம். கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 போன்ற சூத்திரங்கள் பெரியவர்களுக்காக உருவானவை. வயதும் அக்கணக்கில் சேர்வதால், குழந்தைக்கு அவற்றைப் போட்டுப் பார்த்து நிம்மதி கொள்ள வேண்டாம்.

ஏ.எல்.டி. இயல்பாக இருந்தாலும் கல்லீரலில் கொழுப்பு இருக்கக்கூடும். எனவே எடை குறையாத குழந்தைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எடை மேலும் ஏறினால் அதற்கு முன்னரும் இப்பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.